பிடித்துக்கொண்டதா, பூட்டிக் கிடக்கிறதா? தாத்தாவின் லேத் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: அண்ணா, டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் தாத்தாவின் மைஃபோர்ட் எம்.எல்.7 லேத் பன்னிரண்டு வருடமாகச் சும்மா நிற்கிறது. தாத்தா வடக்குக் கரையோரம் ஒரு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் பம்ப் தண்டு, புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பார். இப்போது, கடையும் சாமானைப் பிடிக்கும் சக் கையால் சுற்றினால் அசையவே மாட்டேன் என்கிறது. பேரிங் பிடித்துக்கொண்டது, இனி தேறாது என்கிறார் மாமா. மணல் பீய்ச்சி, பெயிண்ட் அடித்தால் புதிதாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு இதைச் சரிசெய்து ஓட்ட ஆசை. எங்கே தொடங்குவது? இதில் மெட்ரிக் மரை வெட்ட முடியுமா?

பதில்: தங்கச்சி, முதலில் மணல் பீய்ச்சும் யோசனையை மறந்துவிடுங்கள். அந்தத் தூள் எங்கெங்கே புகும் என்று யாராலும் சொல்ல முடியாது. புகுந்த இடத்திலெல்லாம் உட்கார்ந்து அரைத்துக்கொண்டே இருக்கும். மாமா சொன்னதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது.

ஹெட்ஸ்டாக்கின், அதாவது சக் இருக்கும் இடது பக்கத் தலைப்பகுதியின், முன்பக்கம் ஒரு லீவர் இருக்கிறதல்லவா, அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று போய்ப் பாருங்கள். அதுதான் பேக் கியர் லீவர். பெல்ட் ஓடும் படிப்படியான புல்லி, சக்கைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலோடு நிரந்தரமாகக் கோத்தது அல்ல, அதன் மேல் சும்மா சுழலக்கூடியது. புல்லியோடு ஒரு சின்னப் பல்சக்கரம் சேர்ந்திருக்கும். அதன் பக்கத்திலுள்ள பெரிய பல்சக்கரம்தான் ஸ்பிண்டிலோடு உறுதியாகப் பிணைந்தது. அந்தப் பெரிய சக்கரத்தின் முகத்தில் ஆலன் ஸ்க்ரூவால் இறுக்கிய ஒரு சின்னச் சாவி தெரியும். சாவி புல்லியைப் பிடித்திருந்தால் புல்லியும் ஸ்பிண்டிலும் ஒன்றாகச் சுற்றும். அது நேர் ஓட்டம்.

வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சாவியை விலக்கிவிட்டு லீவரைப் போட வேண்டும். அப்போது பின்னாலிருக்கும் தண்டு முன்னால் வந்து பல்லோடு பல் கோக்கும். புல்லியின் சின்னச் சக்கரம் பின் தண்டின் பெரிய சக்கரத்தைச் சுற்றும், பின் தண்டின் சின்னச் சக்கரம் ஸ்பிண்டிலின் பெரிய சக்கரத்தைச் சுற்றும். இரண்டு முறை குறைவதால் வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். எம்.எல்.7-ல் நேர் ஓட்டத்தின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 640 சுற்று, பேக் கியரில் மிகக் குறைந்தது 35. வேகம் குறைந்த அளவுக்கு முறுக்கும் வலு கூடும். அரைக் குதிரைத்திறன் மோட்டாரை வைத்துக்கொண்டு பெரிய வார்ப்பிரும்புத் தட்டைக் கடைய முடிகிறது என்றால் காரணம் இந்த நாலு சக்கரம்தான்.

சரி, சாவியை விலக்காமல் லீவரையும் போட்டால் என்ன ஆகும்? ஒரே புல்லி ஸ்பிண்டிலை ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் சுற்றப் பார்க்கும். அது நடக்காத காரியம், ஆகவே ஒன்றுமே அசையாது. பழைய ஆட்களில் பலர் சக் கழற்றும்போது ஸ்பிண்டில் சுற்றாமலிருக்க இப்படித்தான் பூட்டுவார்கள். உங்கள் தாத்தா கடைசியாக சக் மாற்ற நினைத்து அப்படியே விட்டுப் போயிருக்கலாம். இந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருபது வயதில் அப்படிப் பூட்டிக்கொண்டு சக் மேல் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். சக் வரவில்லை, பேக் கியரில் இரண்டு பல் வந்தது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

ஆக, முதல் வேலை எண்ணெய் விடுவது. ஹெட்ஸ்டாக்கின் இரண்டு பேரிங் மேலும் சொட்டு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். இரண்டிலும் ஐஎஸ்ஓ 32 ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றி, ஊசியைத் திறந்து ஒரு இரவு இறங்க விடுங்கள். காருக்கு ஊற்றும் எஞ்சின் எண்ணெய் வேண்டாம். அழுக்கை மிதக்க வைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோகும் சரக்கு அதில் கலந்திருக்கிறது, இந்த லேத்திலோ ஃபில்டரே கிடையாது. மறுநாள் லீவரை விலக்குங்கள். இடது பக்க மூடிக்குள், கருவியை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ ஓடும் திசையை மாற்றும் டம்ளர் லீவரையும் நடுவில் வையுங்கள். பெல்ட்டைத் தளர்த்துங்கள். இப்போது சக் சுற்றிப் பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை இந்தக் கட்டத்திலேயே சுற்றிவிடும் என்பது என் அனுபவம்.

சுற்றினால் உடனே மோட்டார் போட வேண்டாம். ஒரு நல்ல மரக்கட்டையை ஸ்பிண்டில் துளைக்குள் நுழைத்து, சக் மேல் சின்ன அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்து, கட்டையை லேசாக மேலே தூக்குங்கள். முள் ஒரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட அசைந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்று நாலு தவ் அசைந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. எம்.எல்.7-ன் பேரிங் இரண்டு பாதியாக வரும் ஒயிட் மெட்டல், அதாவது மென்மையான உலோகக் கலவை. பாதிகளுக்கு நடுவே மெல்லிய தகடுகள் ஒட்டிய ஷிம் இருக்கும், ஒரு ஏடு உரித்தால் இடைவெளி அந்த அளவு குறையும். தேய்மானம் வரும் என்று தெரிந்தே அதற்கு இடம் வைத்துச் செய்திருக்கிறார்கள். அவசரப்பட்டு உரிக்காதீர்கள், உரித்த ஏட்டை மறுபடி ஒட்ட முடியாது.

பெல்ட் நிச்சயம் வெடித்திருக்கும். முழு வளையமாக வரும் பெல்ட்டைப் போட ஸ்பிண்டிலையே கழற்ற வேண்டும். நன்றாக உட்கார்ந்திருக்கும் ஸ்பிண்டிலை ஒரு பெல்ட்டுக்காகக் கலைப்பது எனக்குப் பிடிக்காது. கண்ணி கண்ணியாகக் கோக்கும் பெல்ட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அப்படியே புல்லியின் பள்ளங்களைத் தடவிப் பாருங்கள், ஒன்றில் சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் எண்ணெய் விடும் துளை. பேக் கியரில் ஓட்டும்போது புல்லி ஸ்பிண்டில் மேல் தனியாகச் சுழல்வதால் அங்கே எண்ணெய் இல்லையென்றால் உண்மையிலேயே பிடித்துக்கொள்ளும். இந்தத் துளை இருப்பதே தெரியாமல் முப்பது வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது துரு. டர்பனின் உப்புக் காற்றில் பன்னிரண்டு வருடம் நின்ற இரும்பு பளபளவென்று இருந்தால்தான் ஆச்சரியம். எம்.எல்.7-ன் பெட், அதாவது நீளமான அடித்தளம், தட்டையானது. அந்தத் தட்டையை நம்பித்தான் கருவியைத் தாங்கும் சாடில், சாமானின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் எல்லாம் ஓடுகின்றன. அதன் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு சேர்ந்து அந்த நேர்த்தியும் போய்விடும், அதன் மணல் சாடிலுக்கு அடியிலும் போய் உட்காரும். பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், நனைத்த துணியை ஒரு இரவு போர்த்தி வையுங்கள். பிறகு சவர பிளேடைப் படுக்க வைத்து மெதுவாகச் சுரண்டுங்கள். மிச்சத்துக்கு எண்ணெயில் தோய்த்த மிக நுண்ணிய இரும்புக் கம்பளி போதும், தேய்த்த பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். குழி விழுந்த இடம் கறுப்பாகவே நிற்கும், நிற்கட்டும். சாடிலைத் தாங்குவது குழி அல்ல, அதைச் சுற்றியுள்ள மேட்டுப் பகுதி. குழியில் கொஞ்சம் எண்ணெய் தங்குவது நல்லதுதான்.

கைப்பிடி, போல்ட் மாதிரி கழற்றக்கூடிய சின்ன இரும்புச் சாமான்களுக்குப் பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைத்து பேட்டரி சார்ஜர் வைக்கலாம். நெகட்டிவ் துருப்பிடித்த சாமானுக்கு, பாசிட்டிவ் சாதாரண இரும்புத் துண்டுக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் போடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வரும் என்பதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். அலுமினியம், பித்தளை, ஒயிட் மெட்டல் எதுவும் அந்த வாளிக்குள் போகக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காதீர்கள். புதுப் பெயிண்ட் கடைசி வேலை. என்னைக் கேட்டால், தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்த பெயிண்டை அப்படியே விடுவேன்.

மோட்டாரின் வயர் உறை நொறுங்கியிருக்கும், அதை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அப்போது கரண்ட் போனால் தானே விழுந்து, திரும்ப வந்தாலும் நாம் அழுத்தாமல் ஓடாத நோ-வோல்ட் சுவிட்ச் ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள். லோட் ஷெடிங் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்ட் போயிற்று என்று சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய், கரண்ட் வந்ததும் அந்தச் சாவி சுவரில் பறந்து அடித்த கதை ஒன்றிரண்டு நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு.

தாத்தா ஆலையில் என்ன பெயரில் வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. தென்னாப்பிரிக்காவின் 1922 அப்ரண்டிஸ் சட்டத்துக்குப் பிறகு நம் இந்தியப் பையன்களுக்கு முறையாகத் தொழில் பழகும் வாசல் நடைமுறையில் அடைபட்டே கிடந்தது. சம்பளப் பட்டியலில் உதவியாள், கையில் டர்னர் வேலை, அப்படிப் பலர் இருந்தார்கள். இழுப்பறையில் அவருடைய நோட்டுப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கியர் கணக்கு அதில் இருக்க வாய்ப்பு அதிகம், உங்கள் கடைசிக் கேள்விக்கு அது உதவும்.

மரை வெட்டும்போது ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றினால் கருவி எவ்வளவு நகர வேண்டும் என்பதுதான் முழு விஷயம். இந்த லேத்தின் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 8 மரை. அங்குலத்துக்கு 16 மரை வெட்ட வேண்டுமென்றால் லீட் ஸ்க்ரூ பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். 20 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தை ஓட்டினால் முடிந்தது. பெட்டியில் சக்கரங்களை எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஐந்தின் மடங்காக 25, 30, 35 என்று போகும். நடுவில் 38 பல்லோடு ஒன்று மட்டும் ஒட்டாமல் நிற்கும். அது கால் அங்குல, 3/8 அங்குலக் குழாய் மரைக்கு. அவற்றில் அங்குலத்துக்கு 19 மரை. 20 பல் 38-ஐ ஓட்ட, 40 பல் 50-ஐ ஓட்டினால் சரியாக 19 விழும். சர்க்கரை ஆலை ஆளிடம் அந்தச் சக்கரம்தான் அதிகம் தேய்ந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மெட்ரிக்குக்கு வழி உண்டு. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. இது வேறெந்த எண்ணாலும் வகுபடாத எண், ஆகவே 127 பல்லுள்ள சக்கரம் ஒன்று இல்லாமல் துல்லியமான மெட்ரிக் வராது. 60 பல் 127-ஐ ஓட்டினால் சரியாக 1.5 மில்லிமீட்டர் மரை கிடைக்கும். ஆனால் அந்தச் சக்கரம் 16 சென்டிமீட்டருக்கும் மேல் அகலம், மூடிக்குள் இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகு வாங்குங்கள். இடம் இல்லையென்றால் 63 பல் சக்கரத்தை வைத்துக் கணக்குப் போடலாம். பிழை ஒரு மீட்டர் நீள மரைக்கு 0.13 மில்லிமீட்டர்கூட வராது. நீங்கள் வெட்டப்போகும் மூன்று சென்டிமீட்டர் போல்ட்டில் அதை மைக்ரோமீட்டராலும் பிடிக்க முடியாது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. அங்குல மரை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் சாடிலை லீட் ஸ்க்ரூவோடு கோக்கும் ஹாஃப் நட்டைத் திறந்து, சாடிலைக் கையால் பின்னுக்குத் தள்ளி, எப்போது கோக்கலாம் என்று காட்டும் டயலைப் பார்த்து மறுபடி கோக்கலாம். மெட்ரிக்கில் அந்த டயல் பொய் சொல்லும். மரை முடியும் வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. கருவியை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பிண்டிலைப் பின்னோக்கிச் சுற்றித்தான் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். கையால் சுற்றுங்கள். உங்கள் சக் மரையில் ஏறி நிற்பது, மோட்டாரால் வேகமாகப் பின்னோக்கி ஓட்டினால் அதுவே கழன்று வந்துவிடும்.

உதிரிகளுக்குக் கவலை வேண்டாம். 1946-ல் வந்த இந்த மாடலைப் பல்லாண்டுகள் செய்தார்கள். இங்கிலாந்தின் பீஸ்டனில் இருந்த தொழிற்சாலை 2011-ல் மூடிய பிறகும் பாகங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. பெட்டைத் துடைக்கும்போது கே என்ற எழுத்தோடு ஒரு எண் பொறித்திருக்கும், அதைக் குறித்து வையுங்கள். விற்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.