மேட்டில் வேன் இழுக்க மறுப்பது ஏன்?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது டீசல் வேனில் எஞ்சின் விளக்கு எரிந்து இழுவை குறைகிறது, அணைத்து மீண்டும் இயக்கினால் சற்று நேரம் சரியாகிறது என்கிறீர்கள். இது லிம்ப் மோட்: ஒரு சென்சாரின் அளவு வரம்பை மீறியதும், எஞ்சினைக் காப்பதற்காகக் கட்டுப்பாட்டுக் கணினி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தத்தையும் டீசலையும் தானே குறைத்துவிடுகிறது.

அப்போது கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறியீட்டை அழிப்பது பழுதுபார்ப்பு ஆகாது. முதலில் ஸ்கேனரில் அதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். டர்போவையே மாற்றச் சொல்பவரை நம்புமுன், எஞ்சின் ஆறியதும், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தைக் கிளிப் அருகே விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குடன் மெல்லிய வெடிப்பு தட்டுப்படலாம். என் வேனில் அதுதான் குற்றவாளி.

பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியானால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்தே ஓடுவதால் போதிய சூடேறாத புகை வடிகட்டியில் கரி அடைத்திருக்கவும் கூடும்.