கப்பல் பாரில் ஒரு தெரு நடனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கலிபோர்னியப் பயணக் கட்டுரையில் லாங் பீச்சில் நிற்கும் குயின் மேரி கப்பலுக்கு ஒரு பத்தி, அதிலுள்ள பாருக்கு மூன்று பத்தி. 1967இல் ஓட்டத்தை நிறுத்திய கப்பல், இன்று வெறும் ஹோட்டல். குடிப்பழக்கம் இல்லாத உங்களுக்கு அந்தப் பணக்காரர்களின் சாராயக்கடையில் அப்படி என்ன கிடைத்தது?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

பணக்காரர்களின் கடைதான், மறுக்கவில்லை. நான் வாங்கியது ஒரு ஆரஞ்சுச் சாறு. அதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அந்த அறை கப்பலின் முன்பக்கம், உலாத் தளத்தில் இருக்கிறது. வில்லாக வளைந்த சுவர் முழுக்க ஜன்னல்கள். உட்கார்ந்தபடியே கப்பலின் மூக்கைப் பார்க்கலாம். 1936 மே மாதம் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் புறப்பட்டபோது, இந்த ஜன்னலோரம் உயர்வகுப்புப் பயணிகளுக்கு மட்டும். மூன்றாம் வகுப்பின் தூங்கும் அறைகளுக்கு ஒதுக்கியதும் கப்பலின் முன்பகுதியைத்தான். அலையில் ஏறி இறங்கும்போது அதிகம் தூக்கிப் போடுவது அந்த இடத்தைத்தான். ஆட்டம் குறைந்த நடுப்பகுதியின் அறைகள் காசுள்ளவர்களுக்கு. ஆனால் குயின் மேரி பக்கவாட்டில் உருளுவதற்கும் பேர்போனது. அதை அடக்க, மீன்துடுப்பு போன்ற தகடுகளைப் பொருத்தியது 1958இல்தான். அதுவரை, அந்த உருளலில் மட்டும் வகுப்பு வேறுபாடு இருந்திருக்காது.

நான் மூன்று பத்தி எழுதியதற்குக் காரணம், அரைவட்டப் பார் மேசைக்கு மேலே உள்ள ஓவியம். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா வாரத்தில் ஜனங்கள் தெருவில் இறங்கி ஆடுகிறார்கள். பாருக்குள் நுழைய முடியாத ஜனங்களை பாருக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள்! கிண்டலா, அலங்காரமா, தெரியவில்லை. வரைந்த ஆல்ஃபிரட் தாம்சனுக்குக் காது கேட்காது. இதை அறிந்தபின் மறுபடி போய்ப் பார்த்தேன். பாட்டே கேட்காத ஒருவர் கால்களை மட்டும் கவனித்து வரைந்த நடனம் அது. ஒருவர் காலும் தப்பான தாளத்தில் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஓவியத்துக்காகத் தங்கப் பதக்கம் வாங்கியவர் அவர். அன்று கலைக்கும் பதக்கம் கொடுத்தார்கள். அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும், படைவீரர்களை ஏற்றிச்செல்லக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். சுமார் பத்து கிலோமீட்டர் நீளக் கம்பளத்தைச் சுருட்டி இறக்கினார்கள். பீங்கானும் வெள்ளிப் பாத்திரங்களும் பெட்டி பெட்டியாகக் கரைக்குப் போயின. ஏறக்குறைய 2,000 பயணிகளுக்காகக் கட்டிய கப்பலில் 1943 ஜூலையில் ஒரே நடையில் 16,683 பேர். முறைவைத்துத்தான் தூங்க முடிந்தது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர், அமைதிக் காலத்தில் இந்த உயர்வகுப்புத் தளங்களை எட்டிப் பார்க்கவும் வழியில்லாதவர்கள்.

நான் போன மாலையில் பக்கத்து ஸ்டூலில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவர். மடியில் குழந்தை. அது ஓவியத்தைக் காட்டிக் காட்டிக் கையைத் தட்டியது. அவர் பீர் கோப்பையைக் குழந்தைக்கு எட்டாமல் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

ஹோட்டல் என்கிறீர்கள். சரிதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், என் கோப்பையில் சாறு துளியும் அசையவில்லை.