காலி பாட்டிலுக்கு 25 சென்ட்

கேள்வி: ஜெர்மனியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் பணம் தருகிறார்களாமே, உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: உண்மைதான். ஆனால் அது கடைக்காரரின் தாராளமன்று. வாங்கும்போதே விலையுடன் நாம் கட்டிய முன்பணம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட் (கால் யூரோ) பிடித்தம் செய்யும் முறை 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கழுவி மீண்டும் நிரப்பப்படும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான். திரும்பத் திரும்பப் பயன்படுவதற்குக் குறைந்த தொகை என்பது விந்தையாகத்தான் தோன்றுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தின் வாயில் பாட்டில்களை ஒவ்வொன்றாக இட்டால், அது முத்திரையைப் படித்துக் கணக்கிட்டு ஒரு சீட்டைத் தரும். அதைக் கல்லாவில் நீட்டினால் பணமாகவோ வாங்கிய பொருளின் விலையில் கழிவாகவோ கிடைக்கும். நசுங்கிய பாட்டிலைப் பெரும்பாலும் இயந்திரம் ஏற்பதில்லை. திருப்பிக் கொடுக்கச் சோம்பல்படுவோர் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அருகில் வைத்துவிட்டுப் போவார்கள். அதைப் பொறுக்கிப் பிழைக்கும் முதியவர்கள் கையை உள்ளே விட வேண்டியிராது. (நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தருவதும் இதே தத்துவந்தான்.)

கேள்வி: முன்பணமில்லாத கண்ணாடிப் பாட்டில்களை என்ன செய்வார்கள்? (வாசகர், மதுரை)

பதில்: தெருவோரத்தில் வெள்ளை, பழுப்பு, பச்சை எனப் பிரித்த தொட்டிகளில் போட வேண்டும். நீலக் கண்ணாடி பச்சைத் தொட்டிக்கே போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் போடக்கூடாது. உடையும் ஓசை அண்டை வீட்டாரின் ஓய்வைக் கெடுக்கும்.