மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 14 மாடியா, 15 மாடியா? வீட்டில் பெரிய சண்டையே நடக்கிறது.

தரைத்தளத்தைச் சேர்த்து எண்ணினால் 15. உயரம் 177 அடி.

கேள்வி: எல்.ஐ.சி.தான் கட்டியதா?

கட்டி முடித்தது எல்.ஐ.சி. கனவு கண்டவர் வேறொருவர். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தன் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக 1950களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை இது. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. பாதியில் நின்ற கட்டடமும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 1959 ஆகஸ்டில் திறந்து வைத்தவர் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். அந்த மேடையில் செட்டியார் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

கேள்வி: வடிவமைத்தது வெள்ளைக்காரர்கள் என்கிறார்களே?

தொடங்கியவர்கள் பிரவுன், மூலின் என்ற இருவர். 1957இல் அவர்கள் விலகிக்கொள்ள, மதராஸில் தொழில் செய்த எல்.எம். சிட்டாலே பொறுப்பேற்று முடித்தார். அவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, அந்தக் காலத்தில் செங்கல், சுண்ணாம்பு வைத்தே இவ்வளவு உயரம் கட்டியிருக்க முடியாதா? நான் கட்டடக்கலை மாணவி.

நல்ல கேள்வி தங்கச்சி. முடியும், ஆனால் இடம் மிஞ்சாது. செங்கல் கட்டடத்தில் மேல்மாடிகளின் பாரம் முழுவதையும் சுவரே தாங்க வேண்டும். உயரம் கூடக் கூட அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். சிகாகோவில் 1891இல் எழுந்த மொனாட்நாக் கட்டடம் 16 மாடி. அதன் அடிச்சுவர் 6 அடி தடிமன்! எல்.ஐ.சி.யில் பாரத்தைச் சுமப்பவை கான்கிரீட் தூண்கள். சுவருக்கு வெயில், மழையைத் தடுக்கும் வேலைதான். அதனால் ஜன்னலைத் தாராளமாக வைக்கலாம், உள்ளே அறைகளை இஷ்டப்படி பிரிக்கலாம். சுண்ணாம்பும் செங்கல்லுமாக இருந்த மதராஸ் கான்கிரீட்டுக்கு மாறியதன் பெரிய அடையாளம் இதுதான். உயரத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: இந்தியாவிலேயே உயரமானதாக இருந்ததா?

ஆமாம், கொஞ்ச காலம். 1961இல் பம்பாயின் உஷா கிரண் முந்திவிட்டது.

கேள்வி: தீப்பிடித்தது உண்மையா?

உண்மை. 1975 ஜூலையில் பெரிய தீ விபத்து. அப்புறம் பழுதுபார்த்து அதே கட்டடத்தில் அலுவலகம் நடக்கிறது.