ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசவே மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

நீங்கள் வேலைக்குப் புதிது என்று நினைக்கிறேன். ‘நான் கேட்டால் கோரஸாகப் பதில் வருகிறது, ஒருவரோடு ஒருவர் பேசச் சொன்னால் மௌனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிராமத்து நடுநிலைப் பள்ளியில் 17 வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். முதல் சில வருடம் எனக்கும் இதே கதைதான்.

குழுவாக உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி (பிள்ளைகளே குழுவாகப் பாடத்தைப் படித்து, வரைந்து, பேசும் அரசுத் திட்டம்) நடந்த காலத்தில் நானும் ஆறாறு பேராக வட்டம் போட்டேன். நன்றாகப் படிக்கிறவள் பாடக் கருத்துகளைக் கிளை கிளையாக மனவரைபடம் வரைவாள், இன்னொருத்தி கலர் அடிப்பாள், மீதி நாலு பேர் ஸ்கெட்ச் மூடியில் விசில் ஊதுவார்கள். (திட்டத்தைக் குறை சொல்லவில்லை. நான் நடத்திய லட்சணம் அப்படி.) இத்தனைக்கும் கீழ் வகுப்பில், பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றலில், பாட அட்டையைத் தானே எடுத்து, படிப்படியாகப் பாடங்களைக் காட்டும் ஏணிப்படிப் படத்தில் தன் இடத்தைத் தானே பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் டீச்சர் வாயையே பார்க்கப் பழகிவிடுகிறார்கள்.

பக்கத்தில் இருப்பவனுக்கும் தனக்கும் ஒரே பதில் தெரியும் என்றால் எதற்குக் கேட்பான்? அதனால் ஏழாம் வகுப்பில் ஒன்று செய்தேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ் நேரங்களை இரண்டு தாளில் எழுதினேன். ஒன்றில் இருக்கும் நேரம் மற்றதில் காலி. இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் எட்டிப் பார்த்து எழுதிவிடுவார்கள். ‘வாட் டைம் இஸ் த நெக்ஸ்ட் பஸ்’ என்று போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சந்தேகம் வந்தால் மூன்று பேரைக் கேட்ட பிறகுதான் என்னிடம் வரலாம்.

முதல் பத்து நிமிடம் சந்தைக்கடை. பாதிப் பேர் தமிழில்தான் கேட்டார்கள். திடீரென்று கடைசி பெஞ்சுப் பையன், அதுவரை ‘பிரசென்ட் டீச்சர்’ தவிர ஆங்கிலத்தில் வாய் திறக்காதவன், கத்தினான்: “நோ! ஃபோர் ஃபார்ட்டி பஸ் நோ கம்மிங்! ஒன்லி சன்டே கம்மிங்!”

நான் எழுதிய நேரம் தப்பு. அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏமாந்து நடந்தே வீட்டுக்குப் போகிறவன் அவன். ‘டஸ் நாட் கம்’ என்று திருத்த நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பேனாவைக் கொடுத்து என் தாளை அவனையே திருத்தச் சொன்னேன்.

‘அப்போ இலக்கணம்?’ என்று யாராவது வருவீர்கள். மறுநாள் அந்த வாக்கியத்தைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதினேன், அவர்களே சரிசெய்தார்கள். என் வகுப்பில் 31 பேர். 60 பேர் இருக்கும் வகுப்பில் இது எப்படிப் போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொரு நாள் இதே மாதிரி நடந்துகொண்டிருந்தபோது ஆய்வுக்கு வந்தவர் எட்டிப் பார்த்து, “நீங்க உக்காந்திருக்கீங்க, பிள்ளைங்க ஆளுக்கொரு திசை பாக்குது, என்ன கிளாஸ் இது?” என்றார். நோட்டில் சிவப்பு மை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது அதுவும் போய், காலையில் செயலியில் வருகைப் பதிவு ஏற்ற சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஏறுவதிலேயே பாதி பீரியட் போகிறது. பிள்ளை சுயமாகக் கற்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள், நாங்கள் சுயமாக ஒரு பாடத்தை முன்பின் மாற்றினால் விளக்கம் கேட்கிறார்கள். சரி, நீங்கள் கேட்டது இதுவல்ல.

வாரம் ஒரு பீரியடில் ஆரம்பியுங்கள். சாப்பாட்டுக்கு முந்தின பீரியட் மட்டும் வேண்டாம். தட்டுச் சத்தம் கேட்டுவிட்டால் எந்த மொழியும் அவர்கள் காதில் ஏறாது.