உறவினரோடு சேர்ந்து பூர்வீகம் தேட எங்கிருந்து தொடங்குவது?

பூட்டன் ஊரைத் தேடப் போகிறீர்கள், சித்தப்பாவும் கூட வருகிறேன் என்கிறார், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவராகவே வருகிறேன் என்றாரா? கொடுத்து வைத்தவர் நீங்கள். எங்கள் அத்தையைப் பேச வைப்பதே பெரும்பாடு. "இப்ப எதுக்குடா அதெல்லாம், சொத்தா எழுதி வச்சிருக்காங்க?" என்பார்.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானதே, அந்தக் கணக்கில் வந்த குடும்பம். அத்தை ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். இங்கே கோத்தகிரிக்கு வந்தும் கொழுந்துதான் பறித்தார். தாத்தாவின் பாஸ்போர்ட்டில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, பூர்வீக ஊர் இல்லை.

பெரியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள், வராது. எங்கே கப்பல் ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்று கேளுங்கள். தனுஷ்கோடி என்றால் அந்த ஊரை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய பயணம். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் என்றால் அதற்குப் பிந்தையது. பாட்டி தனுஷ்கோடி மணலைப் பற்றிச் சொன்னதை அத்தை நினைவுகூர்ந்தபோதுதான், இடையில் ஒருமுறை அவர்கள் ஊருக்கு வந்துபோனதே எனக்குத் தெரிந்தது.

ஊரைக் காட்டிக்கொடுத்தது குலதெய்வம். அத்தை வேண்டிக்கொள்ளும்போது சாமி பெயரோடு ஒரு கண்மாயின் பெயரும் சேர்ந்தே வரும். அதை வைத்துப் புதுக்கோட்டைப் பக்கம் விசாரித்தோம். பூசாரி வீட்டில் பழைய தலைக்கட்டு வரி நோட்டு, அதாவது குடும்பவாரியாகக் கோயிலுக்கு வரி வாங்கிய கணக்கு, இருந்தது. அதில் கொள்ளுத்தாத்தா பெயர், பக்கத்தில் "கண்டி" என்று பென்சிலில். அத்தை அந்தப் பக்கத்தை மூடவே விடவில்லை.

குலதெய்வம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பழைய மொய் நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆள் பெயரோடு ஊர் பெயரும் எழுதியிருப்பார்கள். டிஎன்ஏ சோதனை செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் கண்மாய் பெயர் வராது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பங்காளிகள் நீங்கள் பட்டாவில் பங்கு கேட்க வந்ததாகத்தான் நினைப்பார்கள். அத்தை வாசலிலேயே "ஒரு குழி நிலம்கூட வேண்டாம்பா" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குக் காபி வந்தது.

அவர்களையாவது மன்னிக்கலாம். தங்கை மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன அலுவலகத்தில், "சிலோன்காரங்களுக்கு இங்க ஏதுங்க சொந்த ஊரு?" என்றார் ஒருவர். வந்த நாளிலிருந்து இங்கேதான் உழைக்கிறோம், ஓட்டுப் போடுகிறோம். வரி நோட்டின் நகலை அவர் மேசையில் வைத்தேன். புரட்டிக்கூடப் பார்க்காமல், "சீல் இல்லையே" என்றார்.