நம் முறையிலும் கம்ப்யூட்டர் யோசிப்பது ஏமாற்று வேலையா?

கம்ப்யூட்டரோடு செஸ் ஆடுகையில் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது லெப்டொப் ஃபேன் ஏன் சுற்றுகிறது, நீங்கள் காயை வைத்த மறுநொடியே அது எப்படிப் பதில் வைக்கிறது, இது ஏமாற்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்ற சூட்டோடு கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2022இல் எனக்கும் இதே கோபம் வந்தது.

ஏமாற்று இல்லை. இதற்குப் பெயர் போண்டரிங். தன் நகர்வைத் தேடும்போதே புரோகிராம் "நான் இது, அவர் இது, பிறகு நான் இது" என்று ஒரு வரிசை போட்டுவிடுகிறது. அதில் உங்களுடையது என்று எதைப் போட்டிருக்கிறதோ அதை நீங்கள் ஏற்கனவே வைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அதற்குத் தன் பதிலைத் தேட ஆரம்பிக்கும். நீங்கள் அதையே வைத்தால் அதுவரை தேடியது முழுக்க லாபம். வேறு வைத்தால் அந்தத் தேடலை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும், ஆனாலும் பார்த்த நிலைகளைக் குறித்துவைக்கும் ஹேஷ் டேபிளில் சேர்த்தவை சில அப்போதும் உதவும்.

ஏன் ஒரே ஒரு நகர்வு, எல்லாவற்றையும் பார்க்கலாமே? உங்களுக்கு 30 நகர்வு இருக்கிறது, நீங்கள் 3 நிமிடம் யோசிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 6 விநாடிதான் கிடைக்கும். அதில் ஆழமாக எதையும் பார்க்க முடியாது. அதைவிட நடக்கக்கூடிய ஒன்றிலேயே 3 நிமிடத்தையும் போடுவது நல்லது. அது உங்கள் குதிரையை வெட்டுகிறது, நீங்கள் திருப்பி வெட்டியே ஆக வேண்டும் என்ற இடத்தில் அந்த ஊகம் பெரும்பாலும் தப்பாது. பதில் பட்டென்று வருவதும் அங்கேதான்.

எங்கள் வீடு இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கொழும்பில் வேலை செய்த அண்ணன் கொண்டுவந்து தந்த பழைய லெப்டொப், பேட்டரி ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. நான் யோசிக்க யோசிக்க சார்ஜ் இறங்கிக்கொண்டே போகிறது, ஆட்டம் முடிவதற்குள் திரை அணைந்துவிடுகிறது. அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, "இருட்டுல ஏன்டா உட்கார்ந்திருக்க" என்பார். செட்டிங்கில் தேடித் தேடி போண்டர் என்ற பெட்டியில் இருந்த டிக்கை எடுத்த அன்றுதான் ஃபேன் அடங்கியது.

ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். உடனே பதில் வந்த என் நகர்வுகளையெல்லாம் கொப்பியில் குறித்தேன். ஒரு ஆட்டத்தில் 34இல் 19. அவை அது எதிர்பார்த்தவை. மற்றதெல்லாம் அது நினைக்காதவை, அதில் பாதிக்கு மேல் என் பிழைகள், இரண்டு மட்டும் நல்ல நகர்வு. எதிராளி எதிர்பார்க்காததெல்லாம் நல்லது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை அன்றோடு போனது.

நீ என்ன புரோகிராமரா என்று யாராவது கேட்பார்கள். இல்லை. ஆனால் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமைத் தனியாகத் திறந்து, அதோடு பேசுவதற்கான யூசிஐ கட்டளைகளை நானே அடித்துப் பார்த்தேன். "பெஸ்ட்மூவ்" என்று தன் நகர்வைச் சொல்லி, பக்கத்திலேயே "போண்டர்" என்று உங்கள் நகர்வையும் எழுதுகிறது. ஊகம் சரியானால் "போண்டர்ஹிட்" என்று அதற்குச் சொல்ல வேண்டும், தப்பானால் "ஸ்டாப்". மறைத்து எதுவும் செய்யவில்லை. டிசெக் (TCEC) போன்ற, புரோகிராம்கள் தங்களுக்குள் ஆடும் போட்டிகளில் போண்டரை நிறுத்தி வைக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒரே மெஷினில் இரண்டு புரோகிராம் ஆடும்போது ஒன்றின் முறையில் மற்றதும் தேடினால் பிராசஸரைப் பங்குபோட வேண்டி வரும். மனிதர்கள் எதிராளியின் நேரத்தில் யோசிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லையே.

நேரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் ஒரு போட்டிக்கு எனக்கு அழைப்புக் கடிதம் வந்தது. போட்டி ஞாயிறு, கடிதம் என் கைக்கு வந்தது அது முடிந்த பிறகு செவ்வாய். எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபிசுக்குப் போய், அங்கிருந்து யாராவது எடுத்துவந்து தந்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் இப்படிப் பிந்தி வந்து வேலையை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், பரவாயில்லை. வீட்டுக்கு ஒரு நம்பர் கொடுக்க இத்தனை வருடமா?

சரி, உங்கள் விஷயம். பேட்டரியில் ஆடுகிறீர்கள் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கரண்டில் ஆடினால் விட்டுவிட்டு, கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.